ஆகாயத்தில் மோதிய மூட்டைகள்

அந்தக் காலைப்பொழுது ஒரு சத்தத்தோடுதான் என் நினைவில் தங்கியிருக்கிறது. முற்றிய பலாப்பழம் உயரத்திலிருந்து பாறைமேல் விழுந்தால் எழுமே, அத்தகைய சத்தம். ஆனால் அது தரையில் எழவில்லை. என் தலைக்கு மேலே, தென்னை உயரத்துக்கும் அப்பால், வெறும் காற்றில் எழுந்தது.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் மழை தொடங்கிவிட்டது. தண்ணீர் மழை அன்று. காப்பிப் பழ மழை. செக்கச் சிவந்த பழங்கள் என் தலைப்பாகையிலும், அன்றுதான் சலவையிலிருந்து வந்திருந்த வெள்ளைக் கோட்டிலும் சடசடவென்று கொட்டின. ஒரு பழம் கழுத்துப்பட்டைக்குள் புகுந்து முதுகு வழியே மெல்ல இறங்கிய குளிர்ச்சியை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுள் ராமாயி என்பவளுக்கு வாய் சற்று நீளம்.

"அடியே, ஐயாவோட யோகத்தப் பாருங்கடி! சாமிக்குக்கூட நாம பாலுதான் ஊத்துறோம். ஐயாவுக்குப் பழமாவே கொட்டுது!"

நான் அப்போது அந்தத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை. கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்து, ஆங்கில இலக்கணத்தில் பரிசும் பெற்று, மலையேறி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எனவே எதுவுமே நிகழாதது போலக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வேலையைப் பாருங்கள்" என்றேன். தட்டத் தட்டப் பழச்சாறு பரவியது.

அதற்குள் குதிரையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து சேர்ந்தார். உடைந்து கிடந்த இரண்டு மூட்டைகளைப் பார்த்தார். மூட்டைகள் தொங்கி இறங்கும் கம்பிகள் மேலே இன்னும் அதிர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். பிறகு, தோட்டத் துரைமாருக்கே உரிய தமிழில் தீர்ப்புக் கூறினார்.

"மூணாவது தரம். இன்னும் ஒரு தரம் மூட்டை மூட்டை அடிச்சா, கம்பி வெட்டுறது. எல்லா ஆளும் முதுகிலே தூக்குறது. கணக்கப்பிள்ளை, நீ பாரு."

சிரிப்பு நின்றது. ராமாயியின் சிரிப்புத்தான் முதலில் நின்றது. அதற்கான காரணம் எனக்குத் தெரியும்.

அவளுடைய கணவன் மாரிமுத்து, கம்பி வருவதற்கு முன், ஈர மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவன். கம்பி வந்த பிறகு, உச்சியில் நின்று மூட்டையைக் கொக்கியில் மாட்டித் தள்ளிவிடும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. நின்று செய்யக்கூடிய வேலை அந்த மலையில் அது ஒன்றுதான். கம்பியை வெட்டினால், மாரிமுத்துவுக்கு மலையில் இடமில்லை.

வானம் பெரிதுதான்

இந்தத் தொடரின் முன்னைய பகுதி ஒன்றில், 'தோட்டத்துக் கம்பிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினேன்' என்று ஒரே வரியில் எழுதிச் சென்றிருந்தேன். மடவளையிலிருந்து வாசகர் ஒருவர், அதை விரித்து எழுத வேண்டும் என்று கடிதம் விடுத்திருக்கிறார். நான் விரிக்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. இருப்பினும், கேட்டவருக்கு மறுப்பது நாகரிகமன்று.

மற்றொரு தூண்டுதலும் உண்டு. இப்போது சீமையில் மனிதர்கள் யந்திரங்களில் ஏறிப் பறக்கிறார்கள். அவ்வாறு பறந்த இரண்டு யந்திரங்கள் ஆகாயத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன என்னும் செய்தியைக் கண்டி வாசகசாலையில் ஒரு வாலிபர் உரக்கப் படித்துவிட்டு, "இத்தனை பெரிய வானத்திலே அந்த ரெண்டும் எப்படிங்க ஒன்ன ஒன்னு தேடிப் பிடிச்சு மோதும்?" என்று வியந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வானம் பெரிதுதான். ஆனால் போகிறவர்கள் எல்லோரும் அதன் ஒரே மூலையைத்தான் விரும்புகிறார்கள். ஆகாயப் போக்குவரத்தில் நேரடி அனுபவம் உடையவன் அந்த வாசகசாலையில் நான் ஒருவனே என்பதை அந்த வாலிபர் அறியமாட்டார்.

கம்பிகள் குறுக்கிட்ட கதை

கம்பளைக்கு மேலே, எதிரெதிரான இரண்டு மலைகளில் இரண்டு காப்பித் தோட்டங்கள். நடுவில் ஓர் ஓடை. ஓடையோரத்தில் வண்டிப்பாதையும், பழத்தின் தோல் நீக்கும் ஸ்டோர் இரண்டும் இருந்தன. மலையுச்சியிலிருந்து ஸ்டோர் வரை கனமான கம்பி ஒன்றை இழுத்துக் கட்டியிருப்பார்கள். மூட்டையைக் கொக்கியில் மாட்டித் தள்ளினால், அது சீறிக்கொண்டு இறங்கிவிடும். இடையில் நிறுத்த வழியில்லை. விட்டது விட்டதுதான்.

இதில் குறுக்கிட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் துரையும் எதிர்மலைத் துரையும் ஒரு குதிரைப் பந்தயத்தை முன்னிட்டுப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டவர்கள். ஒருவர் ஸ்டோருக்கு எந்த இடத்தைத் தேர்ந்தார் என்று மற்றவர் விசாரிக்கவில்லை. விசாரிப்பது கௌரவக் குறைவு. முடிவில் எதிர்மலைத் துரையின் ஸ்டோர் எங்கள் மலையடியிலும், எங்களுடையது அவருடைய மலையடியிலும் அமைந்தன. ஆகவே கம்பிகள் நடுவானத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

எதிர்மலைக் கம்பி எங்களுடையதற்குச் சற்று மேலே சென்றது. ஆனால் மூட்டை ஏறியதும் அது தொய்ந்து, எங்கள் மூட்டைகளின் உயரத்துக்கே இறங்கிவிடும். இரண்டு மூட்டைகள் அந்தச் சந்தியை ஒரே நேரத்தில் அடைந்தால் என் கோட்டின் கதிதான்.

இன்னொரு சங்கடம். மூட்டை தள்ளுகிற உச்சிகளிலிருந்து அந்தச் சந்தி தெரியாது. மலையின் தோள் மறைத்துவிடும். கீழே ஓடை நடுவில் இருந்த பெரும்பாறையிலிருந்து மட்டுமே இரண்டு கம்பிகளும் முழுமையாகத் தெரியும்.

மரியாதையும் மோதும்

மோதல் என்பது எப்போதும் முரட்டுத்தனத்தால் விளைவதன்று. இதற்கு ஒரு சான்று கூறிவிட்டு மேலே செல்கிறேன்.

கண்டி நகரில், வாவிக்கு அருகே, மழைநீர்க் கால்வாயின் மேல் ஒற்றைப் பலகை ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு மாலையில் நான் இந்தக் கரையில் வந்து நின்றேன். மறுகரையில், கோர்ட்டில் வழக்கு நடத்தும் யாழ்ப்பாணத்துப் புரக்டர் ஒருவர், குடையும் தொப்பியுமாக.

"நீங்கள் வாங்கோ தம்பி" என்றார் அவர்.

"தாங்கள் பெரியவர். தாங்கள் முதலில்" என்றேன் நான்.

"ஓம், ஆனால் நீங்கள்தானே முதல் வந்தனீங்கள்? வாங்கோ, வாங்கோ."

"அது முறையன்று ஐயா."

இவ்வாறு நான்கு முறை உபசரித்துக்கொண்டபின், ஒருவர் மனத்தை மற்றவர் நோகடிக்கலாகாது என்று இருவரும் ஒரே கணத்தில் பலகையில் காலடி வைத்தோம். நடுவில் அவருடைய தொப்பியும் என் நெற்றியும் சந்தித்தன. பலகை எங்களில் எவரையும் முன்னிலைப்படுத்தவில்லை. இருவரையும் ஒருசேரக் கால்வாயில் இறக்கியது. முழங்கால் அளவு நீரில் நின்றபடி அவர், "இதை முதலே கதைச்சுத் தீர்த்திருக்கலாம்" என்றார். சட்டம் படித்தவர், சரியாகவே சொன்னார்.

பத்து விதிகள்

துரையின் எச்சரிக்கைக்குப் பிறகு அன்று மாலையே மேசைக்கு முன் கதிரையை இழுத்துப்போட்டு, விதிகளை வகுத்தேன். பத்து விதிகள். அழகான கையெழுத்தில் இரண்டு பிரதிகள். எதிர்மலை ஆட்களை நடத்தும் பெரிய கங்காணி சடையனுக்கு ஒன்று. எங்கள் மலைக்கு ஒன்று. துரைமார் பேசிக்கொள்ளாவிட்டாலும், கங்காணிகள் சந்தையில் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்கு வசதியாயிற்று.

விதிகளின் சாரம் எளியது. மூட்டை விடுகிற மலையில் ஒரு சிவப்புக் கொடி ஏற வேண்டும். அந்தக் கொடியைக் காணும் மற்ற மலை காத்திருக்க வேண்டும். மூட்டை ஸ்டோரைச் சேர்ந்ததும் கொடியை இறக்கிவிட்டால், மற்ற மலை தன் கொடியை ஏற்றலாம்.

இந்த ஏற்பாட்டில் இன்றைக்கும் என்னால் குறைகாண முடியவில்லை. மனிதர்களைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் உச்சிக்குச் சென்றபோது மூங்கில் கம்பத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் இட்டிருந்தார்கள். தேங்காய் உடைபட்டது. சூடம் எரிந்தது. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நல்ல நேரத்தில் கொடி ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கும் நெஞ்சு சற்று நிமிர்ந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

எதிர்மலையைப் பார்த்தேன். அங்கும் கொடி ஏறிக்கொண்டிருந்தது. சடையன் கங்காணியிடமும் பஞ்சாங்கம் இருந்தது. அதே பஞ்சாங்கம், அதே நல்ல நேரம்.

அவர்கள் எங்கள் கொடியைக் கண்டு காத்திருந்தார்கள். நாங்கள் அவர்கள் கொடியைக் கண்டு காத்திருந்தோம். ஒரு நாழிகை கழிந்தது. நான் எங்கள் கங்காணியை அழைத்து, "நாம் இறக்கிவிடுவோம். அவர்கள் முதலில் போகட்டும்" என்றேன்.

கங்காணி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "என்னா சாமி சொல்றீங்க? ஏத்துன கொடிய திருவிழா முடியாம எறக்குனா ஊரு ஒலகத்துக்கு ஆகுமா? ஆளுகளுக்குக் காய்ச்ச கீய்ச்ச வந்துட்டா யாருங்க பதில் சொல்றது?"

"இது கோயில் கொடியன்று. விதியைப் படித்தீர்களா?"

"சூடம் காட்டியாச்சுங்களே சாமி."

"சரி, இந்தத் திருவிழா எப்போது முடியும்?"

அவர் காப்பிச் செடிகளைச் சுற்றிலும் நோக்கிவிட்டு, பொறுப்போடு கூறினார்: "பழம் முடியிறப்ப முடியுங்க."

பழம் முடிய இரண்டு மாதங்கள் இருந்தன.

மாரிமுத்து மட்டும் தன் கொக்கியின் அருகே, இடுப்பில் கை வைத்தபடி, அசையாத கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று முழுவதும் ஒரு மூட்டையும் இறங்கவில்லை. காப்பிப் பழத்தை உரிய நேரத்தில் தோல் நீக்காவிட்டால் சூடேறிப் புளித்துவிடும். மாலையில் மலை முழுவதும் புளித்த வாடை. துரை ஒரு மூட்டையை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நாளைக்கு நான் வந்து பாக்குறது. சரி இல்லேன்னா, நாளைக்கே கம்பி வெட்டுறது."

மோதலை முற்றாகத் தவிர்த்துவிட்டேன் என்று அவரிடம் எடுத்துக்கூற எண்ணினேன். அவருடைய முகம் அதற்கு இடம் தரவில்லை.

பாறையில் நின்றவள்

துரை சென்றதும் ராமாயி வந்தாள். அன்று அவளிடம் பரிகாசம் இல்லை.

"ஐயா, கம்பிய வெட்டிப்புட்டா எங்க வீட்டுக்காரரு என்னாங்க செய்வாரு? அந்த இடுப்ப வச்சுக்கிட்டு மூட்ட தூக்க முடியுங்களா? ஆளு வேணாம்னு சொல்லிப்புடுவாங்க."

"அதைத்தான் சிந்தித்துக்கொண்டிருக்கிறேன்."

"சிந்திக்கிறதுக்கு என்னாங்க இருக்கு? மேல நிக்கிறவங்களுக்குச் சந்தி தெரியாது. தெரியிற எடத்துல ஒரு ஆள வைங்க. பாறையில நான் நிக்கிறேன். ஒரு மூட்ட சந்தியத் தாண்டினத என் கண்ணால பாத்தப்புறம் குலவ போடுறேன். ஒன்னு போட்டா நம்ம மல விடட்டும். ரெண்டு போட்டா எதிர்மல விடட்டும். கொடி பாட்டுக்குக் கொடி பறக்கட்டுங்க. சாமிக்கும் கொற இல்ல."

"மூட்டை சந்தியைத் தாண்டிவிட்டதா, இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று கீழிருந்து உனக்குக் கணிக்கத் தெரியுமா?"

"காடு வெட்டுன காலத்துல மேல இருந்து கல்லு உருண்டு வருங்க. அது வலப்பக்கமோ எடப்பக்கமோ நவுந்து போனா பயமில்ல. எந்தக் கல்லு எடம் மாறாம அப்பிடியே நின்னு பெருசாகுதோ, அது நம்ம மேலதான் வருது. அதப் பாத்துத்தான் நான் இன்னைக்கி உசுரோட நிக்கிறேன்."

கல்லூரியில் எனக்குக் கணிதம் கற்பித்தவர் இதைவிடத் தெளிவாக எதையும் சொன்னதாக நினைவில்லை. பறக்கும் யந்திரங்களை ஓட்டுகிற கனவான்களுக்கு யாரேனும் இதை எழுதி அனுப்பலாம். நகர்கிற புள்ளியைப் பற்றிக் கவலை வேண்டாம். நகராமல் பெரிதாகிற புள்ளியைக் கண்டால் விலகிவிட வேண்டும்.

ஆனால் ஒரு தோட்டத்தின் போக்குவரத்து, பழம் பறிக்கும் பெண்ணொருத்தியின் குலவையால் நடப்பதென்பது எனக்குக் கசந்தது. ஆகவே, 'பதினொன்றாவது விதி' என்று அதையும் என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன். சடையன் கங்காணிக்கு உடனே ஆள் அனுப்பினேன். மேலும், திட்டத்தின் கர்த்தா வெறுங்கையோடு நிற்பது பொருந்தாதென்று, கண்டித் தெருக்கடையில் முன்பு வாங்கி வைத்திருந்த பித்தளை ஊதல் ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்கு விதிகளில் எந்த வேலையும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

துரை பார்த்த நாள்

மறுநாள் காலை எங்கள் துரை என்னோடு பாறையருகே வந்து நின்றார். செய்தி எதிர்மலைக்கும் எட்டியிருந்தது போலும். அந்தத் துரையும் தம் உச்சியில், சடையன் கங்காணியின் பின்னால், தூரக்கண்ணாடியோடு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்பதை மிகுந்த சிரமத்தோடு காட்டிக்கொண்டார்கள்.

ராமாயி பாறைமேல் ஏறி நின்று முந்தானையைச் செருகிக்கொண்டாள். ஒரு குலவை. எங்கள் மூட்டை சீறி வந்து, சந்தியைத் தாண்டி, ஸ்டோரில் விழுந்தது. இரண்டு குலவை. எதிர்மலை மூட்டை தாண்டியது. மீண்டும் ஒன்று. மீண்டும் இரண்டு. துரையின் முகம் சற்றுத் தளர்ந்தது.

அப்போதுதான் பனி இறங்கியது. நம் மலைகளின் பனி முன்னறிவிப்புத் தருவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் கம்பிகளைக் காணோம். பாறைமேல் நின்ற ராமாயியே ஒரு நிழலாகிவிட்டாள்.

குலவை நின்றுவிட்டது.

துரை கடிகாரத்தை எடுத்தார். "ஏன் மூட்டை வரல்லே?"

நான் பாறையடிக்கு ஓடி, "ராமாயி, ஏன் நிறுத்தினாய்? குலவையிடு!" என்றேன்.

"கம்பி தெரியலீங்க ஐயா."

"இத்தனை மூட்டைகள் சரியாகத்தானே போயின? இதுவும் போகும். துரை பார்த்துக்கொண்டிருக்கிறார்."

"பாத்துக்கிட்டு இருக்கட்டுங்க. அவருக்கும் தெரியாதுதானுங்களே? தெரியாம நான் விடச் சொல்ல மாட்டேன்."

"கம்பியை வெட்டிவிடுவார்!"

பனிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "மோதினாலும் வெட்டத்தானுங்க போறாரு."

துரை கடிகாரத்தை மூடினார். அந்த 'டக்' என்ற ஒலி என் அறிவை மறைத்துவிட்டது. ஊதலை வாயில் வைத்தேன். எங்கள் உச்சியை நோக்கி, மாரிமுத்துவுக்குக் கட்டளையாக, முழு மூச்சோடு ஊதினேன்.

ஊதிய மாத்திரத்தில் எதிர்மலைக் கம்பி அதிரும் ஓசை பனிக்குள் கேட்கத் தொடங்கியது. நான் ஊதியது யாருக்கென்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை அல்லவா? முதுகுக்குப் பின்னால் தம் துரையும் தூரக்கண்ணாடியுமாக நின்ற சடையன் கங்காணி, அதைத் தமக்கென்றே கொண்டார். மூட்டையை விட்டுவிட்டார்.

ஆக, இரண்டு மூட்டைகளும் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று நான் விடச் சொன்னது. மற்றது நான் விடச் சொன்னதாக அவர் எண்ணிக்கொண்டது. நான் கண்களை மூடிக்கொண்டேன். கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தலைக்கு மேல் ஒரு சீறல். ஒன்றே ஒன்று. எதிர்மலை மூட்டை பனியைக் கிழித்துக்கொண்டு சந்தியைத் தாண்டி, தன் ஸ்டோரில் போய்த் தொப்பென்று விழுந்தது. எங்கள் கம்பியிலிருந்து ஓசையே எழவில்லை.

துரை முதலில் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, அந்த மலையில் அதுவரை எவரும் கண்டிராத ஒரு காரியத்தைச் செய்தார்: என் தோளில் தட்டினார்.

"நல்லது, கணக்கப்பிள்ளை. நீ ஊதினது, அந்த மூட்டை வந்தது. நம்ம மூட்டை நிறுத்தினது. பனியிலேயும் ஒழுங்கு. கம்பி இருக்கட்டும்."

"ஆமாம் துரை" என்றேன்.

முன்னைய பகுதியில் நான் ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டதற்கு இந்த 'ஆமாம் துரை'தான் காரணம். அதன்பொருட்டு எனக்கு ஒரு நற்சான்றுப் பத்திரமும் கிடைத்தது. அது இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. என் மக்கள் அதை விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள். இதைப் படித்தபின் காட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பனி விலகியபின் உச்சிக்கு ஏறிச் சென்றேன். மாரிமுத்து மூட்டையைக் கொக்கியில் மாட்டி, ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"நான் ஊதியது உனக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டுச்சுங்க ஐயா. நல்லாக் கேட்டுச்சு."

"பின் ஏன் விடவில்லை?"

அவன் என்னை, கேட்கத் தேவையில்லாததைக் கேட்பவனைப் பார்ப்பது போலப் பார்த்தான். "அவ சொல்லலீங்களே."

அவ்விடத்தில் அவனைக் கண்டிக்க எனக்கு அதிகாரம் இருந்தது. கண்டிக்கவில்லை. காப்பி நோய் கண்டு அழியும்வரை அந்தக் கம்பி அறுபடவில்லை. மாரிமுத்துவும் அந்தக் கொக்கியைவிட்டு இறங்கவில்லை. எந்த மூட்டையும் அதன்பின் மோதவில்லை.

ஊதலைக் கோட்டுப் பையில் போட்டு வைத்தேன். ஆயினும் துரை பார்வையிட வரும் நாட்களில் அவர் அதை எதிர்பார்த்தார். என் பெயரும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கடத்தையும் ராமாயியே தீர்த்து வைத்தாள். இரண்டு கம்பிகளும் ஓய்ந்து, கடைசி மூட்டையும் ஸ்டோரைச் சேர்ந்த பிறகு, பாறையிலிருந்து என் பக்கம் திரும்பி, துரையின் காதுக்கு எட்டாதவாறு தணிந்த குரலில் சொல்வாள்:

"வானம் காலியா இருக்குங்க. இப்ப ஊதுங்க ஐயா."